கப்பல் சமையலறையில் வேலை பார்த்த தலைவர்

உலகத் தலைவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு பாறசாலையில் வேறு யாருக்கும் தெரியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, என் வயிற்றுப்பாடு அது. அமெரிக்காவின் ஜனாதிபதிகளில் ஒருவர் தையல்காரர், இன்னொருவர் நிலக்கடலை விவசாயி. பெரும் போரில் இங்கிலாந்தை நடத்திய பிரதமர் ஓய்வு நேரத்தில் செங்கல் அடுக்கிச் சுவர் கட்டினார். அந்தப் போரை மூட்டிவிட்டவர் ஓவியக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் திரும்பியவர். ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டை நடுங்க வைத்த சர்வாதிகாரி அதற்கு முன்பு குத்துச்சண்டை சாம்பியன். பாதிரியார் படிப்பைப் பாதியில் விட்டு வந்த ஒருவர் பிறகு ஒரு மகா தேசத்தை இரும்புப் பிடியில் வைத்திருந்தார். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் நான் இதையெல்லாம் வரிசையாகச் சொல்வேன்.

இவர்களில் ஒருவரும் நெய்யாற்றின்கரைத் தாலூக்காவில் யாருக்கும் ஒரு வருமானச் சான்றிதழ் எழுதிக் கொடுத்ததில்லை. ஆனால் அதே தாலூக்கா ஆபீசில் கிளார்க்காக உட்கார்ந்து அந்தச் சான்றிதழை எழுத வேண்டும் என்றால், இவர்கள் இளமையில் என்ன தொழில் செய்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். எங்கள் அரசுத் தேர்வுகள் அப்படி. இங்கே வீட்டுக்கு ஒருவராவது அந்தத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். குறிப்பிட்ட மார்க் வாங்கியவர்களை வரிசைப்படுத்தி ராங்க் லிஸ்ட் போடுவார்கள். இடம் காலியாகக் காலியாக மேலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். சில வருடங்களில் லிஸ்ட் காலாவதியாகிவிடும், அதுவரை கூப்பிடப்படாதவன் மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான்.

நான் அப்படிக் கூப்பிடப்படாதவன். எனக்கு முன்னால் பதினோரு பேர் இருக்கும்போது என் லிஸ்ட் காலாவதியானது. அடுத்த தேர்வுக்கு வயது தாண்டிவிட்டது. படித்ததை என்ன செய்வது என்று தெரியாமல், பாறசாலைச் சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு மரக்கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்து, மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். மற்ற நாட்களில் கீழே வாள் மரம் அறுக்கும் சத்தத்தில், மேலே நான் கத்தினாலும் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை என்பதால் அன்றைக்குத்தான் வகுப்பு.

மலையாள நாட்டின் ஓரத்தில் இருக்கும் எங்கள் ஊர்த் தமிழர்கள் மலையாளத்தைத் தண்ணீர் மாதிரிப் பேசுவார்கள். கடையில், பஸ்ஸில், போலீஸ் ஸ்டேஷனில் எல்லாம் மலையாளம்தான். ஆனால் தமிழ்ப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் பரீட்சை ஹாலில் கேள்வித்தாள் தமிழில்தான் வேண்டும், கேட்டால் தரவும் செய்வார்கள். படிக்கிறதற்குத்தான் தமிழில் ஒன்றும் கிடையாது. கடையில் தொங்குகிற தடித் தடிப் புத்தகங்கள் எல்லாம் மலையாளத்தில் இருக்கும். அதனால் நான் உட்கார்ந்து தமிழில் நோட்டு தயாரித்தேன். தாள் தாளாக எழுதி, நகலெடுத்து, வாரா வாரம் கொடுத்தேன். அதில் ஒரு தாளின் தலைப்பு ‘உலகத் தலைவர்கள்: அதிகம் தெரியாதவை’. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தத் தாள்தான் ரொம்பப் பிடிக்கும். ஆறுகளின் நீளத்தையும் சட்டப் பிரிவுகளையும் படித்துத் தலை சூடானவர்களுக்கு அது கதை மாதிரி இருந்தது.

இரண்டாவது வருடம், நெய்யாற்றின்கரையில் இருக்கும் வேறொரு வகுப்பில் என் நோட்டு அப்படியே ஓடுவதாகக் கேள்விப்பட்டேன். வாங்கிப் பார்த்தேன். அட்டையை மட்டும் மாற்றியிருந்தார்கள். என் எழுத்துப் பிழைகள்கூட மாறவில்லை. சண்டைக்குப் போனேன். அங்கே இருந்த ஆள், “சாரே, இது பொது அறிவல்லே, சாரின்ற தறவாட்டு சொத்தொந்நுமல்லல்லோ” என்று சிரித்தான். பொது அறிவு யாருடைய குடும்பச் சொத்தும் இல்லை என்று அவன் சொன்னது நியாயம்தான். அந்த நியாயம்தான் என்னை வெறி பிடிக்க வைத்தது.

நோட்டு போடுகிறவர்கள் சிலர் ஒரு வேலை செய்வதுண்டு. வேண்டுமென்றே ஒரு பொய்யை உள்ளே வைப்பார்கள். திருடுகிறவன் அதையும் சேர்த்துத் திருடுவான், கையும் களவுமாக மாட்டுவான். நானும் வைத்தேன். ஆசியாவில் இரண்டு புரட்சித் தலைவர்கள். பெரிய நாட்டுக்காரர் இளமையில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் சாதாரண உதவியாளராக இருந்தார். சின்ன நாட்டுக்காரர் கப்பலில் சமையலறை எடுபிடியாகப் போனார். இருவரையும் இடம் மாற்றினேன். என் தாளின்படி பெரிய நாட்டுக்காரர்தான் கப்பலில் சட்டி கழுவினார், சின்ன நாட்டுக்காரர் நூலகத்தில் புத்தகம் அடுக்கினார்.

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும், தாளைக் கொடுக்கிற அன்றைக்கே வாயால் சொல்லிவிடுவேன். “சிவப்புப் பேனாவ எடுங்க. இந்த ரெண்டையும் அங்க இங்க மாத்திப் போடுங்க. வெளியே ஒருத்தன்கிட்டயும் மூச்சு விடப்பிடாது.” அவர்கள் சிரித்துக்கொண்டே மாற்றுவார்கள். அடுத்த மாதமே அந்த நெய்யாற்றின்கரை வகுப்பின் நோட்டில் என் பொய் அச்சாகி வந்தது. நேராகப் போய் அவன் மேசையில் இரண்டு தாளையும் போட்டு, அவன் மாணவர்கள் முன்னால் அவனை நாறடித்துவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே இடம் அது. அதனால் பொறியை எடுக்கவில்லை. வருடா வருடம் அதே தாளை அதே பொய்யோடு கொடுத்தேன், வருடா வருடம் சிவப்புப் பேனாவை எடுக்கச் சொன்னேன்.

என் வகுப்புக்கு அம்பூரியிலிருந்து ஒருத்தி வருவாள். வயது முப்பதுகளின் கடைசி. கணவர் மரம் முறிக்கப் போன இடத்தில் இறந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. மாமியாரோடு இருந்தாள், மற்றவர்களின் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினாள். விடிவதற்கு முன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய் வெட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலைச் சேகரிக்கிற வேலையை மட்டும் மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு, வெள்ளறடை வந்து பஸ் மாறி, ஏழு மணி வகுப்புக்கு வருவாள். அவளுக்கு அந்தத் தேர்வு கடைசி. அடுத்த அறிவிப்பு வரும்போது வயது வரம்பு தாண்டிவிடும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மாமியார் அவள் படிப்பை விடாமல் குத்திக் காட்டுவாராம். “கலெக்டர் வாறா, வழி விடுங்க” என்று அண்டை வீட்டார் முன்னால் சொல்வாராம். இதை அவளே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள். நன்றாகப் படிக்கிறவள் என்று சொல்ல மாட்டேன், விடாமல் படிக்கிறவள். தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மரத்தடியில் வைத்து, வெட்டிக்கொண்டே வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாளாம்.

அந்த வருடம் தலைவர்கள் தாளைக் கொடுத்த ஞாயிறு பேய்மழை. ஏழு மணிக்கு மேல் வருகிறவர்களை உள்ளே விடுவதில்லை என்று நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். சட்டம் என்ன சட்டம், என் கோபத்துக்கு நான் வைத்த பெயர் அது. ஏழு இருபதுக்கு அவள் படியேறி வந்து நின்றாள். சேலை முழுக்க நனைந்து, தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“மழையாக்கும் சார். வெள்ளறடையில பஸ்ஸு கிடந்து போச்சு” என்றாள்.

“மழ எனக்கும்தான் பெய்யுது. ஏழுண்ணா ஏழு. கீழ போ.”

“நான் பின்னால நிண்ணுக்கிடுதேன் சார்.”

“போண்ணு சொன்னேன்.”

வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனாள். அன்றைக்கு எனக்கு வேறு எந்தக் காரணமும் இல்லை. காலையில் வீட்டு உரிமையாளர் வாடகை விஷயமாக இரண்டு வார்த்தை பேசியிருந்தார், அதை யார் மீதாவது இறக்க வேண்டியிருந்தது. அவள் கைக்குக் கிடைத்தாள்.

பத்து மணிக்கு வகுப்பை முடித்துப் பூட்டிக்கொண்டு கீழே வந்தால், மரக்கடைக் கூரைக்கடியில் பலகை அடுக்கின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் அங்கேயே இருந்திருக்கிறாள்.

“சார், இண்ணைக்குள்ள தாளு ஒண்ணு எனக்கும் தருவியளா?”

பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, அதனால் முகத்தைப் பார்க்கவில்லை. போன் அடித்தது. எடுத்துப் பேசிக்கொண்டே குடையை விரித்து நடந்துவிட்டேன். சிவப்புப் பேனாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்துவிட்டேன். இத்தனை மாதமும் வேறு ஏதாவது காரணம் கிடைக்குமா என்று தேடிப் பார்த்துவிட்டேன், மறந்துவிட்டேன் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் அவள் முதல் ஆளாக வந்திருந்தாள். கோபமோ வருத்தமோ முகத்தில் இல்லை. இடைவேளையில் என்னிடம் வந்து, “சார், அந்தச் சட்டி கழுவினவரு கத எனக்குப் பிடிச்சுப் போச்சு. கப்பல்ல சட்டி கழுவினவரு ஒரு நாட்ட ஆண்டிருக்காரு. நான் ஒரு கிளார்க்கு ஆகப்பிடாதா?” என்று கேட்டாள். நானும் சிரித்து, “ஆகலாம், ஆகலாம்” என்றேன். எந்த நாடு என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தேர்வு நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. முடிந்த உடனே போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு துள்ளல் நான் அதுவரை கேட்டதில்லை. “கொள்ளாம் சார், நல்லா எழுதியிருக்கேன். சார் தந்த தாளுல இருந்தே ஒரு கேள்வி வந்தது. சட்டி கழுவினவரு கேள்வி. எனக்கு ஹாலுக்குள்ள இருந்து சிரிப்பு வந்து போச்சு.” எனக்கும் சந்தோஷம். என் தாளிலிருந்து கேள்வி வந்தது என்று அன்றைக்கு நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று நினைத்தால் இப்போது கூசுகிறது.

மறுநாள் விடைக் குறிப்பு, எங்கள் பேச்சில் ‘கீ’, வெளியானது. அதில் தவறு இருந்தால் சில நாட்களுக்குள் ஆதாரத்தோடு ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்பது நடைமுறை. நான் சந்திப்பில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் அவள் ஒரு படம் போட்டிருந்தாள். ‘இந்தக் கேள்விக்குக் கீ தப்பு. சார் நோட்டைப் பாருங்க’ என்று எழுதி, கீழே என் தாளின் போட்டோ. சிவப்பு மை இல்லாத தாள். சட்டி கழுவியவர் என்று நான் எழுதியிருந்த பெரிய நாட்டுத் தலைவரின் பெயருக்கு அடியில் அவள் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

டீயை வைத்துவிட்டேன். முதலில் தோன்றியது அவளைப் பற்றி இல்லை. மற்றவர்கள் பார்த்தால் உடனே, ‘அக்கா, அத சார் திருத்தச் சொன்னாரே’ என்று எழுதுவார்கள், சார் ஒரு பெண்ணை மழையில் துரத்திவிட்டுப் பொய்த் தாளைக் கையில் கொடுத்தார் என்று ஊர் பேசும் என்பதுதான் முதலில் தோன்றியது. குரூப்புக்கு அட்மின் நான்தான். அவள் போட்டதை அழித்தேன். பிறகு அவளுக்குப் போன் செய்தேன்.

“குரூப்புல ஒண்ணும் போடாத. நான் பாத்துக்கிடுதேன்.”

“செரி சார். சார் பாத்தா போதும்” என்றாள்.

அவள் அதோடு விடவில்லை. அடுத்த நாள் மத்தியானம் வீட்டுக்கே வந்துவிட்டாள். தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தாள், ரப்பர் பால் வாடை அடித்தது. கையில் என் தாளின் நகல். ஆட்சேபத்தை இணையத்தில் ஏற்ற வெள்ளறடையில் ஒரு கடைக்காரரிடம் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னாள்.

“சார் கைப்பட ஒரு கடுதாசி எழுதித் தந்தா அதுக்கு ஒரு மதிப்பு உண்டு. எனக்கு இப்படியெல்லாம் எழுத வராது.”

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வீட்டில் வேறு யாரும் இல்லை. பிள்ளே, தாள் தப்பு, நான் வைத்த பொய் அது, உன்னை அன்றைக்கு வெளியே அனுப்பியதால் உனக்குத் தெரியாமல் போயிற்று என்று மூன்று வரி. நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். என்னைப் பார்க்கும்போது அந்த முகத்தில் இருந்த மரியாதையை இழக்க எனக்கு மனம் வரவில்லை. எனக்கு அப்படி மரியாதை கொடுக்கிறவர்கள் அதிகம் பேர் இல்லை.

எழுதினேன். ‘மேற்படி வினாவுக்குத் தரப்பட்டுள்ள விடை பிழையானது என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்’ என்று ஆரம்பித்து, ஒரு முழுப் பக்கம் நல்ல தமிழில் எழுதினேன். என் அனுபவம் இத்தனை ஆண்டு என்று போட்டேன். கீழே கையெழுத்து வைத்தேன். அவள் அதை இரண்டு தடவை வாசித்து, மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டாள். “நல்லா இருக்கு சார்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆட்சேபம் எடுபடவில்லை. எப்படி எடுபடும்? இறுதி விடைக் குறிப்பிலும் அதே விடைதான், சரியான விடை. பல மாதம் கழித்து லிஸ்ட் வந்தது. அவள் பெயர் இல்லை. லிஸ்டில் சேர வேண்டிய மார்க்குக்கும் அவள் வாங்கியதற்கும் இடையே ஒரு மார்க்குகூட வித்தியாசம் இல்லை. தவறான விடைக்கு மார்க்கைக் குறைப்பார்கள். அந்த ஒரு கேள்விக்குச் சரியாக எழுதியிருந்தால் அவள் உள்ளே. இதை நான் பேனா பிடித்து ஒரு தாளின் பின்பக்கத்தில் நாலைந்து தடவை போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் உள்ளேதான் வந்தாள்.

மனம் என்னென்ன சமாதானம் சொல்லும் என்று அந்த நாட்களில்தான் பார்த்தேன். அவள் வேறு கேள்விகளிலும் தப்பு செய்திருக்கிறாளே என்றது. லிஸ்டில் வந்தாலும் கூப்பிடுவார்கள் என்று என்ன நிச்சயம், என்னைக் கூப்பிட்டார்களா என்றது. எவனோ திருடாமல் இருந்திருந்தால் நான் ஏன் பொறி வைக்கப் போகிறேன் என்றது. எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கூப்பிடப்படாமல் போவது என்றால் என்ன என்று தெரிந்த ஒருவன்தான் அதை இன்னொருவருக்குச் செய்திருக்கிறான் என்கிற இடத்தில் எந்தச் சமாதானமும் நிற்கவில்லை. அவளிடமிருந்து ஒரே ஒரு போன் வந்தது. “போச்சு சார். பரவால்ல, சார் எனக்காக எவ்வளவோ செய்திய” என்றாள். நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டேன்.

இதையும் விழுங்கிவிட்டு இருந்திருப்பேன். போன ஓணத்துக்கு அதியன்னூரில் ஒரு வாசகசாலையின் வினாடி வினாப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். கேள்வி கேட்டவர் யாரோ ஒரு இளைஞர். நடுவில் அந்தக் கேள்வியைக் கேட்டார்: இளமையில் கப்பல் சமையலறையில் வேலை பார்த்த ஆசியத் தலைவர் யார்? ஒரு பள்ளி மாணவி எழுந்து சின்ன நாட்டுத் தலைவரின் பெயரைச் சொன்னாள். சரியான விடை. “தவறு” என்றார் அவர், கையிலிருந்த தாளைப் பார்த்து. என் பொய் நகலுக்கு நகலாகி அந்தத் தாள்வரை வந்திருந்தது. அடுத்த அணி பெரிய நாட்டுத் தலைவரைச் சொன்னது. கைதட்டினார்கள். அந்த மாணவி, “இல்ல சார், நான் வாசிச்சிருக்கேன்” என்று நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்டவர் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து, அந்தப் பெண் சொன்னதுதான் சரி என்று சொல்லி மார்க்கை மாற்றினேன். அவ்வளவு சுலபம். ஒரு வாக்கியம். சொல்லி முடித்து உட்கார்ந்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காக இதைச் சொல்ல முடிந்த எனக்கு, அவளிடம் சொல்ல ஏன் வாய் வரவில்லை?

அடுத்த நாள் காலையிலேயே அம்பூரிக்குப் பஸ் ஏறினேன். வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி இருக்கும். வீட்டில் மாமியார், “அவ விளையில நிக்கியா” என்று ரப்பர் தோட்டம் இருந்த மேட்டைக் காட்டினார். மூச்சு வாங்க ஏறினேன். அவள் ஒரு கையில் பக்கெட்டோடு, மரத்தில் கட்டியிருந்த சிரட்டைகளிலிருந்து பாலை ஊற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அய்யோ, சார் எதுக்கு இவ்வளவு தூரம்? போன் செய்தா நான் வந்திருப்பனே.”

ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். “சொல்லுங்க சார், பாலு கட்டியாயிரும், நான் எடுத்துக்கிட்டே கேக்குதேன்” என்றாள். அதனால் அவள் மரம் மரமாகப் போக, நான் பின்னாலேயே போய்ச் சொன்னேன். நெய்யாற்றின்கரைத் திருடன், நான் வைத்த பொறி, சிவப்புப் பேனா, மழை, அவளை இறக்கிவிட்டது, தாளைக் கொடுத்தபோது சொல்ல மறந்தது எல்லாம். அவள் சிரட்டையைச் சாய்த்து ஊற்றி, விரலால் வழித்து, திரும்ப மாட்டி, அடுத்த மரத்துக்குப் போனாள். நான் முடித்தபோது இன்னொரு சிரட்டையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கேட்டாள். “அப்பம் அவிய கீ செரி?”

“செரி.”

“நான் எழுதினது தப்பு.”

“நான் தந்தது தப்பு.”

“அந்தக் கடுதாசி எழுதித் தந்தப்பம் சாருக்கு இது தெரியுமா?”

“தெரியும்.”

அவள் பக்கெட்டைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழுவாள், இல்லை என்றால் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று விரும்பினேன்.

“இனி எனக்க பேரு லிஸ்டுல வருமா சார்?”

“வராது.”

“இனி நான் பரீட்ச எழுத ஒக்குமா?”

“ஒக்காது.”

“பின்ன இப்பம் எதுக்கு வந்து சொன்னிய?”

மனசு கேட்கவில்லை என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

“ஒங்களுக்க மனசுக்காக்கும் வந்தது” என்றாள். சத்தம் போடவில்லை. “எனக்காக இல்ல. நான் செரியாத்தான் எழுதினேன், அவியளாக்கும் தப்பு செய்தாவண்ணு நெனச்சு இத்தற நாளும் கிடந்தேன். வேல போனாலும் நான் தோக்கல்ல பாத்தியளா. அது ஒண்ணுதான் எனக்கு உண்டாயிருந்தது. அதையும் எடுத்துக்கிட்டுப் போக வந்திய.”

நான் மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“சார், ஒரு காரியம். அம்மைட்ட இத சொல்லப்பிடாது. அவிய இப்பம் என்ன ஒண்ணும் சொல்லுதில்ல. சாருக்க கடுதாசிக்குப் பெறவாக்கும். எனக்க மருமவ ஜெயிச்சவண்ணு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு நடக்குதாவ. எனக்கு அந்த வீட்டுல கிடக்கணும்.”

சரி என்றேன். அவள் பக்கெட்டை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினாள். நான் பின்னால் இறங்கினேன். அப்படியே பஸ்ஸுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் மாமியார் முற்றத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, பால் விடாத கட்டன் காப்பியோடு காத்துக்கொண்டிருந்தார்.

“இருங்க சார். எனக்க மருமவளுக்குப் படிப்பிச்ச சாரு, ஒரு வாய் காப்பி குடிக்காமலா போறது?”

உட்கார்ந்தேன். அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். என் கடிதத்தின் நகல். ஓரங்கள் பலர் கைபட்டு அழுக்காகியிருந்தன. ‘பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்’ என்ற என் எழுத்து அந்த உறைக்குள் தெளிவாகத் தெரிந்தது.

“நான் அறிவில்லாம அவள எத்தற பேசியிருக்கேன் சார். படிச்சு என்னத்த கிழிக்கப் போறாண்ணு கேட்டிருக்கேன். இத வாசிச்சுக் காட்டினப்பம்தான் எனக்கு வெளங்கிச்சு. இவ செரியாத்தான் எழுதியிருக்கா.” அவருக்குக் கண் நிறைந்துவிட்டது, முந்தானையால் துடைத்தார். “புருஷன் இல்லாத ஒரு பெண்ணு. வெளுப்புக்கு முன்ன எழும்பி மரம் வெட்டிப் படிச்சவ. அவளுக்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டானுவ. இனி வயசும் இல்ல. நீங்க படிச்சவியல்லா, சொல்லுங்க. இது செய்தவன் வெளங்குவானா சார்?”

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியாரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெளங்க மாட்டான்” என்றேன்.